உப்புப் பெட்டி

ஜூன் 3, 2025. செவ்வாய்.

டம்ளர்கள் இன்றும் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தன. விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். எந்தச் சுவையும் இல்லை.

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. ஜனவரியில் செண்பகம் வீடு மாறிப் பெரும்பாக்கம் போனாள். அங்கிருந்து மயிலாப்பூர் வர இரண்டு பஸ். வேலையை விட்டுவிட்டாள். நானே தேய்க்கிறேன் என்றாள் அம்மா. ஒரு வாரத்தில் மூன்று பீங்கான் கோப்பை, ஒரு ஊறுகாய் ஜாடி, கடைசியில் கால் கட்டைவிரல் மேல் குக்கர் மூடி. லித்தியம் சாப்பிடும் கை அப்படித்தான் நடுங்கும். பத்தொன்பது வருடமாகச் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை மனதைப் பிடித்து நிறுத்துகிறது. கையை விட்டுவிடுகிறது.

அதனால் மெஷின். என் சம்பளத்தில் வீட்டுக்கு வாங்கிய முதல் பொருள். பிறமொழிப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரி எழுதிச் சேர்த்தது.

அப்பா ஒரு டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். “நன்னாத்தான் தேய்க்கறது உன் மெஷின். சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கு.”

ஜூன் 5

கையேட்டைப் படித்தேன். ஆறு வருடம் இலக்கியம் படித்தவனுக்கு இதுவும் ஒரு பிரதி. வெள்ளைப் படிவு ஏன் வரும் என்று ஒரு பக்கம். வடிகட்டி அடைத்திருக்கலாம். தண்ணீர் தெளிக்கும் கைகளின் துளைகள் அடைத்திருக்கலாம். பவுடர் அதிகமாக இருக்கலாம். உப்பு தீர்ந்திருக்கலாம்.

வடிகட்டியைத் திருகி எடுத்தேன். கறிவேப்பிலை நரம்பு, எலுமிச்சை விதை, முருங்கைக்காய் நார், யாருடையதோ ஒரு தலைமயிர். எங்கள் வாரம் முழுவதும் அதில் இருந்தது. தெளிக்கும் கையைக் கழற்றினால் ஒவ்வொரு துளையிலும் ஒரு கடுகு. அளவெடுத்து வைத்தது போல. ஊக்கால் குத்தி எடுத்தேன்.

ஓட்டினேன்.

வெள்ளை.

ஜூன் 8. ஞாயிறு.

பவுடரைப் பாதியாகக் குறைத்தேன். வெள்ளை. தண்ணீரின் சூட்டைக் கூட்டினேன். வெள்ளை, சூடாக.

இந்த வீட்டு மெஷினுக்கு ஒரு ஆசாரம் உண்டு. கையேட்டில் இல்லாதது. பகல் ஓட்டம் சமைத்த பாத்திரங்கள், சாயங்கால ஓட்டம் எச்சில் தட்டுகள். இரண்டும் சேரக் கூடாது. அம்மா முதல் நாளே போட்ட சட்டம். எச்சில் தட்டுகளை அவள் மட்டும்தான் அடுக்குவாள். அப்பா தன் தட்டைக்கூடத் தொட மாட்டார். எழுந்து கை கழுவப் போய்விடுவார். நான் உதவப் போனால், “எச்சக்கை, தள்ளிப் போடா.” மாத்திரையை அப்பா சாப்பாடு முடிந்ததும் அவள் உள்ளங்கையில் வைப்பார். போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்வாள். ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

மறுபிறவி, ஜாதி, தீட்டு எதையும் நம்பாத நான்கூடப் போவதில்லை. பழக்கம்.

ஜூன் 11

அம்மா இன்று ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில்.

நான் பார்ப்பதைப் பார்த்து மறுபடி உருவி மறுபடி கோத்தாள். “ஓய்வு குடுத்தா கை கேக்கறதுடா. உன் மெஷினுக்குத்தான் ஒரு நமஸ்காரம் பண்ணணும்.”

சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், இது அடிக்கடி நடப்பதில்லை. மே மாதம் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தின் அளவு பார்ப்பார்கள். அடுத்த வாரம் என்கிறாள். இவ்வளவு நன்றாக இருப்பவளை யார் வற்புறுத்துவது.

ஜூன் 14

ஹைதராபாத்திலிருந்து கடிதம். ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையோடு. ஜூலை 28 சேர வேண்டும். மூன்றாவது முறை விண்ணப்பித்தது. வயது இருபத்தெட்டு. அடுத்த முறை என்று ஒன்று கிடையாது.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்தார். “அம்மாவை யார் பாத்துப்பா?”

“ஏன், நான் என்ன தொட்டில் குழந்தையா?” அம்மா. “நன்னாத்தானே இருக்கேன். நீ போடா பரத். இவருக்கு நான் துணை, எனக்கு மெஷின் துணை.”

சிரித்தோம். மூன்று பேரும்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதன் பிறகு இந்த வீட்டில் எல்லா முடிவுகளும் அவள் நன்றாக இருக்கிறாளா என்பதைக் கேட்டுத்தான் எடுக்கப்படும். இம்முறை பதில் ஆம்.

ஜூன் 17

கண்டுபிடித்துவிட்டேன். உப்பு.

மெஷினின் உள்ளே, தரையில், இடது மூலையில், கீழ்த்தட்டை எடுத்தால் தெரியும் ஒரு திருகு மூடி. அதற்குக் கீழே உப்புப் பெட்டி. போர் தண்ணீரின் கடினத்தன்மையை முறிக்க அதற்கென்று விற்கும் உப்பைப் போட வேண்டும். நான் மார்ச்சில் போட்டது. பிறகு அப்பா “நான் பாத்துக்கறேன்” என்று வாங்கிக்கொண்டார். இன்று கேட்டால், மாட வீதி மளிகைக் கடையிலிருந்து கல் உப்பு.

“கல் உப்பா?”

“உப்பு உப்புதானேடா. கடல்ல இருந்துதானே வரது. அதுக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு படம், அதுக்கு நாலு மடங்கு விலை.”

கத்தினேன். ரிடையர் ஆனவர்கள் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டுமா என்றேன். முப்பத்தைந்து வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒருவரும் அவரிடம் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டார்கள். எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

அம்மா குறுக்கே வரவில்லை. வழக்கமாக வருவாள்.

ஜூன் 19

காலை நான்கு மணிக்கே குளித்துவிட்டு, அபார்ட்மெண்ட் வாசலை அடைத்து ஒரு கோலம் போட்டிருக்கிறாள். கார் எடுக்க வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். கோடு எங்கும் உடையவில்லை.

பெருமையாகத்தான் இருந்தது. என்னவோ ஒன்று. எழுத வரவில்லை.

ஜூன் 21. சனி.

நூர் முஹம்மது வந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் மெஷின் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் டம்ளரைத்தான் கேட்டார்.

“இன்னா தம்பி இது, தண்ணியா சிமெண்டா? மெஷினு நல்ல மெஷினு. உங்க போர் தண்ணிதான் வில்லன். உப்பு இன்னா போட்டீங்கோ?”

“கல் உப்பு. அப்பா.”

“அப்பாங்கன்னா அப்படித்தான். எங்க அத்தா ஸ்கூட்டர்ல மண்ணெண்ண ஊத்திப் பாத்தாரு. கொஞ்ச தூரம் போச்சுன்னு வேற சொல்லிக்கினு திரிஞ்சாரு.”

அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை நவக்கிரகம். நல்லவேளை.

பாய் கீழ்த்தட்டை எடுத்து வெளியே வைத்தார். குப்புறப் படுத்து மூடியைத் திருகினார். ஒரு நீளக் கரண்டியால் அள்ளி அள்ளிச் செய்தித்தாளில் போட்டார். முதலில் கல் உப்பு, சாம்பல் நிறத்தில். அதற்கு அடியில் வேறு ஏதோ. அரைத்து வைத்த மாவு போலக் கெட்டியாக, வெள்ளையாக. மாவுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள். பாதி கரைந்தவை. கரையாதவை.

“உப்புன்னா கரையணும். இது கரைய மாட்டேங்குதே.” ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். “தம்பி, மெஷினுக்குப் போடற மாத்திரை எதுனா உள்ள போட்டீங்களா?”

நடுவில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். ஒன்பது வயதிலிருந்து தெரியும்.

“இல்ல.”

“ஆமா. மெஷின் மாத்திர சோப்புக் கட்டி கணக்கா கீது. இது மனுசன் மாத்திர.”

நான் நிமிர்ந்தேன். சமையலறை வாசலில் அம்மா. இரண்டு கையிலும் காபி. ததும்பத் ததும்ப. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பாய் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செய்தித்தாளை மடித்துப் பையில் திணித்தார்.

“ஒன்னியும் இல்லம்மா. உப்புக் கட்டி. அடைச்சிக்கினு கீது.”

“சக்கரை போறுமா பாருங்கோ பாய்,” என்றாள்.

தண்ணீரை முறிக்கும் பகுதியையே மாற்ற வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவார். வண்டியைக் கிளப்பும் முன் குரலைத் தாழ்த்தினார். “நான் மெஷின் ரிப்பேருக்காரன் தம்பி. மத்தது பாக்கறதுக்கு வேற ஆளுங்கோ கீறாங்க. லேட் பண்ணாத.”

அதே நாள், மாலை.

அப்பா இன்னும் வரவில்லை. கேட்டேன்.

“எப்போலேர்ந்து?”

“வருஷப் பிறப்புலேர்ந்து.” மறைக்கவே இல்லை. கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வாளாம். தண்ணீர் வேறு வழியாகப் போகுமாம்.

“ஏன் அதுக்குள்ள போட்டே?”

“வேற எங்க போடறது? குப்பைக் கூடையை உங்கப்பா கிளறுவார். சிங்க்ல போட்டா வெள்ளையா நிக்கும், நீ பாத்துடுவே. எச்சில் மெஷின்கிட்ட எவன் வரான்? இந்த ஆத்துலயே எனக்குன்னு இருக்கற இடம் அது ஒண்ணுதான்.”

“அம்மா, உனக்கே தெரியும், நிறுத்தினா என்ன ஆகும்னு—”

இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேஜை போல நின்றன. “பாரு. பத்தொம்பது வருஷமா இது என் கையே இல்லடா. யாரோ இரவல் குடுத்த கை. இப்பதான் என்னுது திரும்பி வந்திருக்கு. நான் பைத்தியமாவா இருக்கேன்? இந்த ரெண்டு மாசத்துல ஒரு தப்பு சொல்லு. ஒண்ணே ஒண்ணு.”

ஊசியும் கோலமும்தான் ஞாபகம் வந்தன.

“அப்பாட்ட சொல்லப் போறியா? சொல்லு. டாக்டர்ட்ட இழுத்துண்டு போவார். மறுபடி நடுங்கும். நீ ஹைதராபாத் போக மாட்டே. நாம மூணு பேரும் இங்கயே உக்காந்துண்டு டம்ளரைத் தேய்க்கலாம். யோசிச்சுக்கோ.”

சிரித்தாள். என் தலைமயிரைக் கலைத்தாள். எவ்வளவு லேசான கை.

மிரட்டினாளா? இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 22

சொல்லவில்லை.

ஜூன் 23

சொல்லவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யில் சேருமா? வகுப்பில் இதைப் பற்றி இருபது பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 25

அப்பா தி.நகர் வரை பஸ்ஸில் போய், நான்கு கடை ஏறி இறங்கி, சரியான உப்பு வாங்கி வந்திருக்கிறார். இரண்டு பாக்கெட். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் மேஜையில் வைத்தார்.

“என்னாலதான் கெட்டுது. பாய் என்ன கேக்கறாரோ நான் குடுத்துடறேன். இனிமே அதுல நான் கை வைக்கலை.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “சரிப்பா” என்றேன்.

சரிப்பா.

ஜூன் 28. சனி.

பாய் புதிய பாகத்தைப் பொருத்தினார். சோதனை ஓட்டம். டம்ளர்கள் கடையில் வாங்கிய அன்று போல வந்தன. அப்பா ஒன்றை எடுத்து ஜன்னலருகே திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தை மாதிரி முகம். “இனி ஒழுங்கா உப்பு போட்டா சரியாயிடுமோல்லியோ பாய்?”

பாய் என்னைப் பார்த்தார். “ஆயிடும் சார். உப்பு மட்டும் போட்டா.”

படியிறங்கும்போது கேட்டார். “வூட்ல சொல்ட்டியா தம்பி?”

“சொல்லிட்டேன் பாய்.”

“அல்ஹம்துலில்லாஹ்.” என் தோளைத் தட்டினார்.

ஹைதராபாத்துக்கு டிக்கெட் எடுத்தேன். ஜூலை 26.

ஜூலை 2

இன்று மெஷின் ஏழு தடவை ஓடியது. இரண்டு தடவை உள்ளே ஒன்றுமே இல்லாமல்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பையும் போட்டிருக்கிறாள். கறுத்துப்போய் வந்தது. அது மெஷினுக்கு ஆகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அப்பா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன் நீரஜா?” என்றார். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. ஃபோனில் இருந்தாள். காலையிலிருந்து பதினோரு பேருடன் பேசியிருக்கிறாள். அதில் இருவர் முப்பது வருடமாகத் தொடர்பில் இல்லாதவர்கள்.

மாத்திரை மாற்றி எங்கே போடுகிறாள் என்று தெரியவில்லை. உப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உப்பு மட்டும்.

நான் ஏன் திறந்து பார்த்தேன். சாப்பிடவில்லை என்று தெரிந்துகொள்ளவா. சாப்பிடுகிறாள் என்று ஏமாறவா.

ஜூலை 5

மேல்தட்டில் அப்பாவின் செருப்பு. கீழ்த்தட்டில் என் புத்தகங்கள் இரண்டு, சாமி படம் ஒன்று, சட்டத்தோடு. மெஷின் பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கவில்லை. வடிகட்டியில் கையை விட்டேன். கூழ். வெதுவெதுப்பாக. பிடி பிடியாக எடுத்து வாளியில் போட்டேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

“அழுக்கா இருந்ததுடா,” என்றாள். “எல்லாமே அழுக்கா இருக்கு இந்த ஆத்துல. உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலை. எனக்குத் தெரியறது.”

கண் மிகவும் பளபளப்பாக இருந்தது. ஒன்பது வயதில் பார்த்த கண்.

“அம்மா, மாத்திரை போட்டுக்கோம்மா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“டிக்கெட் எடுத்துட்டியோன்னோ?”

நாளைக்குச் சொல்கிறேன். நாளை கண்டிப்பாக.

ஜூலை 6

அப்பாவே வந்து கேட்டார். “அம்மா ஒரு மாதிரி இருக்காளே. நான் வேளை தவறாம குடுத்துண்டுதான் இருக்கேன். டோஸ் பத்தலையோ?”

“இருக்கலாம்,” என்றேன்.

இருக்கலாம்! எழுதிவிட்டுப் பார்க்கிறேன் இந்தச் சொல்லை. எந்த நாய் எழுதியது இதை.

ஜூலை 8. செவ்வாய்.

காலை ஏழு மணி. மெஷினின் கீழ்த்தட்டை அப்படியே உருவிக்கொண்டு, பாத்திரங்களோடு, வெறுங்காலில் அம்மா மாட வீதிக்குப் போய்விட்டாள். பூக்கடை பக்கம் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “சுத்தமானது. பயப்படாம வாங்கிக்கோங்கோ. எச்சில் இல்லை.” ஒரு பெண் தட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஒருவன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். “ஏ பெருசு, நகரு, மறைக்குது,” என்றான் அப்பாவைப் பார்த்து.

அப்பா அவள் கையைப் பிடித்தார். அறைந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. நான் பத்தடி தள்ளி இருந்தேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அவர் குனிந்து தேடவில்லை. அறைந்த கையையே மறுபடி பிடித்துக்கொண்டு, “வா நீரஜா, ஆத்துக்குப் போலாம். வா கண்ணா,” என்றார். அவர் அவளைக் கண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆட்டோ. ஆஸ்பத்திரி. நான்கு பேர் பிடித்து ஊசி. உள்ளே இருந்து என் பெயரைத்தான் கத்தினாள். “பரத், நீ சொல்லிட்டியா? சொல்லிட்டியாடா?”

சொல்லலம்மா. நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல. அதான் இங்க வந்து நிக்கறோம்.

ஜூலை 9

டாக்டரம்மா ரத்த முடிவை மேஜைமேல் வைத்தார். லித்தியம் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவு.

“இருக்கவே முடியாது,” என்றார் அப்பா. கன்னத்தில் இன்னும் தடம். “காலைலயும் ராத்திரியும் என் கையால குடுக்கறேன். ஒரு வேளை தவறினதில்லை. உங்க லேப்ல மாத்தி வெச்சிருப்பா. திரும்ப எடுத்துப் பாருங்கோ.”

“ரெண்டு தடவை பார்த்தாச்சு சார். விழுங்கினதை யாராவது பார்த்தீங்களா?”

“பாக்கணுமா என்ன? அவ என்ன குழந்தையா? பத்தொம்பது வருஷமா—” அவர் குரல் ஏறியது. “நான் பொய் சொல்றேங்கறேளா?”

“அப்பா பொய் சொல்லலை டாக்டர்,” என்றேன். “அம்மா சாப்பிடலை.”

சொன்னேன். மெஷின். உப்புப் பெட்டி. பாய். தேதி. வாக்கியங்கள் ஒழுங்காக வந்தன. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன.

அப்பா திரும்பி என்னைப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“இருபத்தொண்ணாம் தேதி.”

விரல் விட்டு எண்ணினார். “பதினெட்டு நாள்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “அப்போ நான் போட்ட உப்பு?”

“அதனால இல்லப்பா.”

தலையை ஆட்டினார். கவுண்டரில் ஏதோ படிவம் சரியில்லை என்று சொன்னால் ஆட்டுவது போல. வெளியே வந்ததும் செருப்பைத் தேடினார். பெஞ்சுக்கு அடியில், கதவு ஓரத்தில். காலில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலை 12

அப்பா பேசவில்லை.

ஜூலை 20. ஞாயிறு.

மெஷின் பன்னிரண்டு நாளாக ஓடவில்லை. திறந்தால் நாற்றம். அடியில் நின்ற தண்ணீரில் காகிதக் கூழின் மிச்சம் அழுகியிருந்தது. ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கதவின் ரப்பர் மடிப்புகளில் பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். ரப்பர் மடிப்பின் உள்ளே, கீழ் ஓரத்தில், வரிசையாக ஒட்டிக்கொண்டு ஏழு மாத்திரைகள்.

ஓ. இங்கே.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குப் பார்க்க விடுகிறார்கள். அம்மா தூங்குகிறாள், அல்லது தூங்குவது போல விழித்திருக்கிறாள். டம்ளரைப் பிடித்தாள். தண்ணீர் மார்பில் கொட்டியது. துடைத்துவிட்டேன். “தாங்ஸ்,” என்றாள், நர்ஸிடம் சொல்வது போல.

ஜூலை 26

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. ரயில் தானாகப் போய்விட்டது.

ஜூலை 28. திங்கள்.

சேர வேண்டிய நாள். மாலை வரை ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3

அம்மா வீட்டுக்கு வந்தாள். நடை சின்னதாகிவிட்டது. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள், வேறு யார் வீட்டுக்கோ வந்தது போல.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா எழுந்து கை கழுவப் போகவில்லை. அம்மாவின் தட்டை எடுத்தார். என் தட்டை எடுத்தார். தன் தட்டையும் எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவை. எப்படி அடுக்குவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்த்து நிறுத்தாமல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்தார். சாம்பார் அண்டாவையும் அதிலேயே வைத்தார். சமைத்ததும் எச்சிலும் ஒன்றாக.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்த் தட்டுகளைத் திருப்பி வைத்தேன். அப்பா நகர்ந்து இடம் விட்டார். “தண்ணி எங்கேர்ந்து அடிக்கும்?” என்றார். இருபத்தைந்து நாளில் முதல் வாக்கியம்.

“கீழேர்ந்துப்பா.”

ஆகஸ்ட் 9

டம்ளர்கள் பளிச்சென்று வருகின்றன. வடிகட்டியை ஞாயிறும் புதனும் கழுவுகிறேன். உப்பு மாதம் ஒருமுறை, நான் மட்டும். ரப்பர் மடிப்பை தினமும் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒன்றும் இருப்பதில்லை.

படங்களுக்கு வசன வரி எழுதும் வேலை மறுபடி வருகிறது. இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு வரியில் நாற்பது எழுத்து. போதும்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு.

டாக்டரம்மா சொன்ன முறை இது. மாத்திரையை அப்பா கொடுப்பார். தண்ணீர் டம்ளரை நான் பிடித்துக்கொள்வேன், அம்மாவால் முடியாது. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். நாக்குக்கு அடியில், இரண்டு கன்னங்களுக்குள், ஃபோன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு “சரி” என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அப்பா அறையை விட்டே போய்விட்டார். பார்க்கிற வேலை என்னுடையதாயிற்று.

இப்போதெல்லாம் சொல்லாமலே திறக்கிறாள். நான் சரி சொன்ன பிறகுதான் மூடுகிறாள்.

இன்று திறந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. தண்ணீர் கேன். போய் வாங்கி வைத்து, காலி கேனைத் தேடிக் கொடுத்து, “அடுத்த வாரம் ரெண்டா போடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அம்மா நாற்காலியில் அப்படியே இருந்தாள். வாயைத் திறந்தபடி. வெளிச்சம் வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்து.